கல்லுன்னா கல்லுதானுங்க

ஜூலை 14, திங்கள்

உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இன்றிலிருந்து எழுதுகிறேன். ஜப்பான்காரர்கள் எதைப் பார்த்தாலும் போட்டோ எடுக்கிறார்கள், எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் என் பக்கமும் எழுத்தில் இருக்க வேண்டுமல்லவா? நாச்சிமுத்து ஒன்றும் இளிச்சவாயன் இல்லை.

இன்று கன்டெய்னர் வந்து சேர்ந்தது. தொண்டாமுத்தூர் சாலையில் எங்கள் அறக்கட்டளை கட்டும் நூலகத்துக்கான தூண், உத்தரம், கூரைச் சட்டம் எல்லாம் அதற்குள். ஜப்பானிலேயே அறுத்து, ஒரு முறை முழுசாக நிறுத்திப் பார்த்து, மறுபடி கழற்றிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். நிறுத்தினதை எதற்குக் கழற்ற வேண்டும்? கேட்டால் சிரிக்கிறார்கள். ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. பன்னிரண்டு கல், பன்னிரண்டு தூண். தூண் கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்குமாம். நிலம் ஆடினால் கொஞ்சம் நகர்ந்து கொடுக்குமாம், அதனால் முறியாதாம். நான் தலை நரைக்கும் வரை சூப்பர்வைசராக சைட் பார்த்தவன். கட்டிவைக்காத தூணை நம்பு என்றால் எப்படி நம்புவது?

கட்டடத்தை வடிவமைத்த குரிஹாரா வந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணக்கம் வைத்தார். கூடவே தலைமைத் தச்சர் மிசுனோ. நாற்பது வயதுப் பெண்மணி. எங்கள் ஆட்கள் 'ஆசாரியம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஜனவரியில் அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வந்த பாறைகளில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தவள் அவள்தான். இன்று வண்டியை விட்டு இறங்கியதும் டீகூடக் குடிக்காமல் நேராகக் கற்களிடம் போனாள். தார்ப்பாயை விலக்கி ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தாள். ஆறாவது கல்லில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷெட்டுக்கு ஓடிவிட்டோம்.

நல்ல மழை. பெய்யட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

மொழிபெயர்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள். பேர் தமயந்தி. நம் பொள்ளாச்சிப் பெண்தான், ஜப்பானில் படித்தவள். தூண்களை இறக்கி அடுக்கும்போது ஒரு தூணின் அடியை எனக்குக் காட்டினாள். சமதளமாக இல்லை. மேடும் பள்ளமுமாக இருந்தது.

"கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங் சார். ஜனவரில ஒவ்வொரு கல்லையும் லேசர் வெச்சு அளந்தாங்கல்ல? அந்த அளவுல மெஷின் முக்காவாசி செதுக்குச்சு. மிச்சத்த மிசுனோ மேடம் உளியெடுத்துக் கையாலயே முடிச்சாங்க. கல்லு மேடா இருக்கற எடத்துல தூணு பள்ளம், கல்லு பள்ளமா இருந்தா தூணு மேடு. இந்தக் கல்லுக்கு இந்தத் தூணுதான். மாத்தி வெச்சா நிக்காது."

"வேற கல்லு மேல வெச்சா?"

"ஆடுமுங் சார். ஏனுங்?"

சும்மா கேட்டேன் என்றேன்.

மதியத்துக்கு மேல் வயிறு சரியில்லை. காலையில் தின்ற பணியாரம்தான் காரணம்.

ஜூலை 16, புதன்

கொத்தனார் மாரப்பனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மானம் போயிற்று. சைட்டின் பின்பக்கம் புகை. ஓடிப் போய்ப் பார்த்தால் மூன்று பலகைகளை முக்கோணக் குழாயாகக் கட்டி நிமிர்த்தி, அடியில் தாளைப் பற்றவைத்திருக்கிறார்கள். உள்ளே நெருப்பு ஆள் உயரத்துக்கு மேல் சீறுகிறது. மிசுனோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள். தடயத்தை எரிக்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. என்ன தடயம், யாருடைய தடயம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. பக்கெட் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டேன்.

அது சுவருக்கு அடிக்கும் பலகையாம். வேண்டுமென்றேதான் கருக்குகிறார்களாம். கரி படிந்த மரத்தைக் கரையான் தொடாதாம், மழையும் ஒன்றும் செய்யாதாம். நான் ஊற்றிய தண்ணீரில் மூன்று பலகையும் திட்டுத் திட்டாகிவிட்டன. குரிஹாராவின் முகம் கொஞ்சம் கறுத்தது. மிசுனோ மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆசாரியம்மா ஏன் சிரிக்கறாங்க?" என்று தமயந்தியைக் கேட்டேன்.

"சைட்ட ஊடு மாதிரி பாத்துக்கறாருன்னு சொல்றாங்க சார்."

அது பாராட்டா, ஊசியா? விவரம் தெரிந்துவிட்ட ஆளும் அப்படித்தான் சிரிப்பார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜூலை 21, திங்கள்

எழுதித் தொலைத்துவிடுகிறேன். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் வயிற்றுக்குத்தான் கேடு.

ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் ஊருக்குப் போயிருந்த சமயம். கற்களை அந்தந்த இடத்தில் குழியில் இறக்கிக்கொண்டிருந்தோம். ஏழாம் கல்லைத் தூக்கும்போது ஜேசிபி வாளி இடித்து ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. நான் ஓட்டவில்லை. ஓட்டியவன் மறுநாளே வேறு சைட்டுக்குப் போய்விட்டான். அதற்கு முந்தின வாரம்தான் அறக்கட்டளைச் செயலாளர் சென்னியப்பன் ஐயா அத்தனை பேர் முன்னாலும், "கல்லுல ஒரு கீறல் உழுந்தாலும் நீ ஊட்டுக்குப் போயிக்கலாம் நாச்சிமுத்து" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். இந்த வயதில் வெளியே அனுப்பினால் எனக்கு எவன் வேலை கொடுப்பான்?

மாரப்பன்தான் வழி சொன்னான். ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறைக்குழியிலிருந்து அதே நிறத்தில் ஒரு கல் கொண்டுவந்தான். போட்டோவைப் பார்த்துப் பார்த்து மேலே கொத்தி, பழைய கல் போலவே ஆக்கினான். கழுத்து வரை மண்ணுக்குள் போய்விட்ட பிறகு எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. "கல்லுன்னா கல்லுதானுங்க" என்றான். நானும் ஆமாம் என்றேன். உடைந்த கல்லைத் தூக்கிப் போட மனசு வராமல் டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரி வசந்தாமணி துவைக்கிற கல் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தேன்.

கல்லின் மேடு பள்ளத்தை மரத்தில் செதுக்குவார்கள் என்று யார் கண்டது? எவனாவது சொன்னானா? சொல்லியிருந்தால் நான் ஏன்...

இந்த இரண்டு பக்கத்தையும் பசை வைத்து ஒட்டிவிட வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

தூண்களைக் கல்லில் வைத்துப் பார்க்கிறார்கள். செயின் பிளாக்கில் தூக்கி, நூல் பிடித்த மாதிரி இறக்குகிறாள் மிசுனோ. தூண் கல்லைத் தொட்டதும் ஒரு சத்தம் வருகிறது, பெட்டி மூடுகிற மாதிரி. உடனே தரையில் குப்புறப் படுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடிக்கச் சொல்கிறாள். தூணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தாலும் போதாதாம். ஒன்று, இரண்டு, மூன்று. எதிலும் வெளிச்சம் வரவில்லை. மரத்தைக் கல் மேல் ஊற்றி உறையவைத்த மாதிரி இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் தமயந்தியைக் கூட்டிக்கொண்டு குரிஹாராவிடம் போய், "ஏழாவது தூணு ஈசானி மூலைல வருதுங்க. அதக் கடைசியாத்தான் நிறுத்தோணும், எங்க வழக்கம் அப்படி" என்று சொன்னேன். அப்படியொரு வழக்கம் எங்கேயும் கிடையாது. மனுஷன் தலையாட்டி, சரி என்றுவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவரை நம்பலாமா?

ஜூலை 26, சனி

மாரப்பன் போனை எடுத்தான். திருப்பூரில் இருக்கிறானாம். விஷயத்தைச் சொன்னேன். "எந்தக் கல்லுங்க?" என்கிறான் படவா. போன் பேச்சைப் பதிவு பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான் போல. இப்படிச் சந்தேகப் பிராணியாக இருந்தால் எப்படி உருப்படுவான்?

ஜூலை 30, புதன்

ஏழாம் தூணை இறக்கினார்கள்.

பெட்டி மூடுகிற சத்தம் வரவில்லை. டொக்கென்று தட்டி நின்றது. மிசுனோ ஒரு விரலால் தள்ளினாள், தூண் ஆடியது. படுத்து டார்ச் அடிக்கச் சொன்னாள். அந்தப் பக்கத்து வெளிச்சம் அவள் முகம் பூராவும் விழுந்தது. அப்படியே படுத்திருந்தாள். மறுபடி தூக்கி மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் ஆடியது.

நான் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அதுதான் இடிக்கிறது. பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்களோ?

தூணின் அடியை மறுபடி செதுக்கிக்கொள்ள முடியாதா என்று தமயந்தியிடம் விசாரித்தேன். செதுக்கினால் தூண் குட்டையாகிவிடும், மேலே உத்தரம் எட்டாது என்றாள். புதுத் தூண் ஜப்பானிலிருந்து கப்பலில் வர வேண்டும். விஜயதசமிக்குத் திறப்பு விழா என்று பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

 

ஆகஸ்ட் 2, சனி

மிசுனோ என்னை வளைக்கிறாள். இன்று நேரடியாகவே வந்தாள், தமயந்தி இல்லாமல். ஜனவரியிலும் இப்போதுமாகப் பொறுக்கிய தமிழ்.

"அண்ணா. ஏப்ரல், மழ ரொம்பவா?"

ஏப்ரல்! வேறு மாதமே கிடைக்கவில்லையா? நான் உஷாராகி, "ஆமாங்க, பேய் மழை" என்றேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓடிப் போய் ரசமட்டம் வைத்து ஏழாம் கல் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். சாயவில்லை. அது எப்படிச் சாயும்? அடியில் நானே நின்று போட்ட கான்கிரீட். மறுபடி வந்து ஏப்ரல் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். போன் மாற்றிவிட்டேன் என்றேன். அந்தப் போன் அப்போது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பூரா மிசுனோ ஏழாம் கல்லின் முன்னால்தான். மற்ற ஆட்கள் கூரைச் சட்டத்தைத் தரையில் வைத்தே கோக்கிறார்கள். விரல் கனம் கொண்ட குச்சிகள், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு பந்தல் மாதிரி எழும்புகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கல்லின் மேல் கையை வைக்கிறாள், எடுக்கிறாள், கையைத் திருப்பிப் பார்க்கிறாள். கல்லைப் பார்ப்பதைவிடக் கையைத்தான் அதிகமாகப் பார்க்கிறாள்.

கொத்திய தடத்தைக் கண்டுபிடித்துவிட்டாளோ? ரேகை கீகை எடுக்கிறாளோ? கல்லில் ரேகை நிற்குமா?

கொண்டுவந்த சோற்றுப் பெட்டியை அப்படியே மூடி எடுத்துப் போய்விட்டாள். நேற்றும் அப்படித்தான். நான் எதற்கு அவள் சாப்பாட்டைக் கவனிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இடி விழுந்தது. மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் கேரியரைக் கொடுக்க வசந்தாமணி சைட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகும்போது என்னிடம் சொல்கிறாள்:

"ஏனுங்க, அந்த ஆசாரியம்மா ஏன் இப்படி வாடிக் கெடக்குது? கண்ணெல்லாம் குழி உழுந்து போச்சு. ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்குச் சாப்புட வரச் சொல்லியிருக்கறேன். சந்தகை புழிஞ்சு, தேங்காப்பால் எடுத்து..."

"யாரக் கேட்டு விருந்துக்குச் சொன்ன?"

"ஒறம்பரையக் கூப்படறதுக்கு யாரக் கேக்கோணும்? ஊரு உட்டு ஊரு வந்து வேல செய்யற பொம்பள. நீங்க கூப்புட்டிருக்கோணும்."

தமயந்தியிடம் அப்புறம் நைசாகக் கேட்டேன், மேடத்துக்கு என்ன பிரச்சினை என்று. திங்கட்கிழமை கூட்டமாம். சென்னியப்பன் ஐயாவும் வருகிறார். "தப்பு யாருதுன்னு முடிவு பண்ணிட்டாங்க சார்" என்றாள். யார் என்று கேட்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

வீட்டைப் பார்க்கத்தான் வருகிறாள். வசந்தாமணிக்குத் தெரியாது, அவள் வெகுளி. இவள் சோதனை போட வருகிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

துவைக்கிற கல்லின் மேல் நாலு சாக்கு, அதன் மேல் தேங்காய் மட்டை, அதன் மேல் உடைந்த சைக்கிள். கேட்டால் பாம்பு வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் வசந்தாமணி பொடக்காலியைக் கூட்டிப் பெருக்கிவிட்டாள். சாக்கைக் காணோம், மட்டையைக் காணோம். சைக்கிள் மதில் ஓரத்தில். கல்லைத் தேய்த்துக் கழுவி, அதிலேயே என் இரண்டு வேட்டியையும் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். "ஒறம்பரை வர்ற நேரத்துல குப்பையக் கொண்டாந்து கொட்டியிருக்கறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று என்னையே ஏசுகிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

மிசுனோவும் தமயந்தியும். மிசுனோ ஒரு சின்ன மரப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள், அவளே செய்ததாம். மூடி தானாகவே காற்றை வெளியேற்றிக்கொண்டு இறங்கியது. வசந்தாமணி அதைத் திறந்து திறந்து மூடினாள்.

"மொதல்ல கை கழுவிட்டு வாங்க கண்ணு" என்று இருவரையும் பொடக்காலிக்கு அழைத்துப் போனாள். சந்தகை ஆறிவிடும், சமையலறைக் குழாயிலேயே கழுவட்டும் என்று நான் குறுக்கே நின்று பார்த்தேன். யாரும் சட்டை செய்யவில்லை.

மிசுனோ கை கழுவினாள். துடைக்கத் துண்டு வாங்கக் கையை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்லைப் பார்த்தாள். சோப்பு நுரை இன்னும் ஒரு பள்ளத்தில் தேங்கி இருந்தது. மண்டிபோட்டு உட்கார்ந்தாள். புதுப் பேன்ட், ஈரத்தரை, ஒன்றையும் பார்க்கவில்லை. கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கை மெதுவாகப் போயிற்று, ஒரு மேட்டில் ஏறிற்று, நுரை இருந்த பள்ளத்தில் இறங்கி நின்றது. மறுபடியும் முதலிலிருந்து போயிற்று. கண்ணை மூடியிருந்தவளுக்கு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கைக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "கல்லு நல்லா இருக்குதுங்களா? இவருதான் சைட்ல இருந்து கொண்டாந்தாரு. சித்திரைல. ஒரு மூலை போச்சுன்னு வீசிட்டாங்களாமா. துணி துவைக்க இதாட்டம் கல்லு கெடைக்காதுங்க, கைக்கு அப்படியொரு வாகு!"

தமயந்தி அதை மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மிசுனோவுக்கு மீதி தேவைப்படவில்லை.

அவள் சிரித்தாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஜப்பானியத்தில் கடகடவென்று என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன். 

தமயந்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கல்லு மாறாதுன்னு நெனச்சாங்களாமா சார். கல்லு மாறாது, அப்பத் தப்பு தன்னோட கையிலதான்னு. லேசரத் தப்பா வெச்சேனா, உளி தப்பாப் போச்சான்னு அதே நெனப்பாம். நாளைக்குக் கூட்டத்துல என் தப்புன்னு சொல்லிட்டு ஊருக்குப் போறதா இருந்தாங்க. இனிமே கல்லு மேல தூணு நிறுத்தற வேலையத் தொடறதில்லைன்னு அவங்க பட்டறைக்குச் சொல்லியே ஆச்சு."

"என்னயச் சந்தேகப்படலீங்களா?"

"உங்களயா? எதுக்கு சார்?"

பிறகு மிசுனோ எழுந்து உடைந்த மூலையைக் காட்டி என்னவோ சொன்னாள். தூண் உட்காரும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லையாம். உடைந்தது மண்ணுக்குள் போகிற மூலையாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் இதே கல்லை அப்படியே வைத்திருக்கலாமாம்.

அப்புறம் என்னிடம் வந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. தமயந்தியைக் கையால் நிறுத்திவிட்டு அவளே தமிழில் பேசினாள்.

"அண்ணா. நான் சாப்பிடல. தூங்கல. நீங்க பார்த்தீங்க." ஒரு வார்த்தை தேடினாள். "தினம் பார்த்தீங்க."

கோபம்தான். மறைக்கவில்லை. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து மூன்று தட்டு சந்தகை தின்றாள். வசந்தாமணி ஊற்ற ஊற்றத் தேங்காய்ப் பாலைக் குடித்தாள். நான் சாப்பிடவில்லை.

ஆட்டோ ஏறும்போது தமயந்தியை ஓரமாக அழைத்து, நாளைக்கு மேடம் சொல்லிவிடுவார்களா என்று கேட்டேன்.

"அவங்க சொல்ல மாட்டாங்களாம் சார். கல்ல மாத்துனவங்கதான் சொல்லோணுமாம்."

இது என்ன பொறி? சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லவைக்கிற பொறியா? வசந்தாமணியிடம் முழு விஷயத்தையும் சொல்ல வேண்டி வந்தது. கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள சோறு தண்ணியில்லாமக் கெடந்தது உங்களாலயா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் என்னோடு பேசவில்லை. மிச்சத் துணியைப் பக்கெட்டிலேயே போட்டுக் கசக்கினாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷெட்டில் கூட்டம். சென்னியப்பன் ஐயா, குரிஹாரா, மிசுனோ, தமயந்தி, நான். தூண் எப்போது வரும், விழா தள்ளிப்போகுமா என்று ஐயா குதித்தார். "அந்தம்மா கை தப்பிருச்சுன்னா வேற ஆளப் போடுங்க. ஊரெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சு, நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது?"

தமயந்தி அதை ஜப்பானியத்தில் சொன்னாள். குரிஹாரா மிசுனோவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். குனிந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் குனியவில்லை. நிமிர்ந்தே நின்றாள். என் பக்கம் திரும்பவும் இல்லை. குரிஹாராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயா, "என்னம்மா, சொல்லு" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் வெட்டு. விரல்கள் தொடையோடு ஒட்டி, கொஞ்சம்கூட நடுங்காமல் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் நான் சும்மா இருந்தால் போதும், இவளை அனுப்பிவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தையும் அவள் எனக்கே கொடுத்துவிட்டு நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் கெட்டுப்போய் எழுதுகிறேன், ஐம்பத்தாறு வயசில் சைட்டு ஷெட்டில் அழுதேன்.

"கல்ல நாந்தான் மாத்துனேனுங்க" என்றேன்.

ஐயா கத்தியதையெல்லாம் எழுதப் போவதில்லை. தமயந்தி அதை மொழிபெயர்க்கவும் இல்லை. கடைசியில், "நீ இன்னிக்கே கெளம்பு" என்றார். நியாயம்தான்.

வயிறு ஒன்றும் செய்யவில்லை. மதியம் நன்றாகப் பசித்தது.

ஆகஸ்ட் 13, புதன்

டெம்போவில் கல் திரும்பிப் போயிற்று. நானும் கூடவே போனேன். வேலையாளாக இல்லை, கல்லின் சொந்தக்காரனாக. மாரப்பனையும் திருப்பூரிலிருந்து இழுத்து வந்திருந்தேன். கான்கிரீட்டை உடைத்துப் புதுக் கல்லை எடுக்க அவனும் நானும் சாயங்காலம் வரை பாடுபட்டோம். "தோளு போச்சுங்க" என்றான். போகட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

ஏழாம் தூணை இறக்கினார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன், கல்லை மாற்றிக் கொடுத்த பிறகு உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. பெட்டி மூடுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. மிசுனோ குப்புறப் படுத்தாள். டார்ச் அடிக்க யாரைக் கூப்பிடுவது என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து கேட்டுக்கு வந்து, என் கையில் டார்ச்சைத் திணித்து உள்ளே இழுத்துப் போனாள். வாட்ச்மேன் நகர்ந்து வழி விட்டார். சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை, அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன். தூணுக்கு அந்தப் பக்கம் படுத்து டார்ச் அடித்தேன்.

"வெளிச்சம் வருதுங்களா?" என்று கத்தினேன்.

"வரல" என்று அந்தப் பக்கமிருந்து சொன்னாள். "அண்ணா, வரல."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேலை இல்லாத முதல் ஞாயிறு. மற்ற நாளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவினாசியில் ஒரு அப்பார்ட்மென்ட் சைட்டுக்கு ஆள் கேட்கிறார்கள், நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாம் போல்ட்தான்.

எடுத்த ஊத்துக்குளிக் கல்லைச் சும்மா போடுவானேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பொடக்காலியில் அதே இடத்தில் போட்டேன். பார்க்க அச்சு அசல் பழைய கல்தான். வசந்தாமணி ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதைப் பார்த்தாலாவது பேசுவாள் என்று எண்ணினேன். தண்ணீர் ஊற்றி, சோப்பைப் போட்டு, கையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

கல்லுன்னா கல்லுதானே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இது அந்தக் கல்லு இல்லீங்க" என்றாள். "கைய வெக்கறப்பவே தெரியுது."

அப்புறம் என் சட்டையை எடுத்து அதில் ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.